பெரெஸ் டி குவேயர்: காலம் கொடுத்த பேரா, உழைத்துச் சம்பாதித்த பேரா?

மேசைவிளக்கு | 11 ஜனவரி 2026, காலை 9.40

இந்த ஆண்டு இறுதியோடு குட்டெரெஸின் பதவிக்காலம் முடிகிறது. அடுத்த ஐ.நா. பொதுச்செயலாளர் லத்தீன் அமெரிக்காவிலிருந்து வரவேண்டும் என்ற பேச்சு பலமாக அடிபடுகிறது. அந்தப் பகுதியிலிருந்து இதுவரை அந்த நாற்காலிக்கு வந்தவர் ஒருவர்தான்: பெருவின் ஹாவியர் பெரெஸ் டி குவேயர், 1982 முதல் 1991 வரை. அவரைப் பற்றி என் கருத்து இது, மறுப்பவர்கள் மறுக்கலாம். முதல் ஐந்தாண்டில் அவர் கையில் எதுவும் தேறவில்லை. 1988க்குப் பிறகு ஆப்கானிஸ்தான், ஈரான்–இராக், நமீபியா, கம்போடியா, எல் சால்வடோர் என்று வரிசையாகக் கைகூடியது. நடுவில் மாறியது என்ன? மாஸ்கோவில் கோர்பச்சேவ் வந்தார். இவர் அதே ஆள்தான். அப்படியானால் பேர் யாருக்குப் போக வேண்டும்?

நாட்குறிப்பு | 11 ஜனவரி, பிற்பகல் 1.15

அதே ஆள்தான் என்பது சரி. அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவு சரியில்லை. அவர் எப்படி வேலை செய்பவர் என்பது 1982க்கு முன்பே தெரிந்துவிட்டது.

பிறந்தது 19 ஜனவரி 1920, லிமா. நான்கு வயதில் தந்தை இறந்துவிட்டார். கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டே 1940இல் வெளியுறவு அமைச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1944இல் தூதரகப் பணி. 1946இல் லண்டனில் ஐ.நா. பொதுச்சபை முதன்முதலாகக் கூடியபோது பெரு குழுவில் அவரும் இருந்தார். பிறகு பிரான்ஸ், பிரிட்டன், பொலிவியா, பிரேசில் தூதரகங்களில் செயலர் வேலை. 1964இல் ஸ்விட்சர்லாந்துக்குத் தூதர். அதே ஆண்டு தூதரகச் சட்டம் பற்றி ஒரு கையேடும் எழுதினார். 1969இல் பெரு சோவியத் ஒன்றியத்தோடு உறவு தொடங்கியதும் மாஸ்கோவுக்குப் போன முதல் பெரு தூதர் இவர். 1971 முதல் 1975 வரை நியூயார்க்கில் ஐ.நா. பிரதிநிதி.

இதில் கவனிக்க வேண்டிய மாதம் ஜூலை 1974. பாதுகாப்பு கவுன்சிலின் சுழற்சித் தலைமை அந்த மாதம் பெருவிடம் இருந்தது. 15ஆம் தேதி சைப்ரஸில் ஆட்சிக் கவிழ்ப்பு, 20ஆம் தேதி துருக்கிப் படை இறங்கியது. அன்றே போர்நிறுத்தம் கேட்டு 353ஆம் தீர்மானம் நிறைவேறியது. தலைவர் நாற்காலியில் இருந்தவர் இவர்தான். அடுத்த ஆண்டு செப்டம்பரில் அதே சைப்ரஸுக்கு அப்போதைய பொதுச்செயலாளர் வால்ட்ஹைமின் சிறப்புப் பிரதிநிதியாகப் போனார். 1977 பிப்ரவரியில் கிரேக்க சைப்ரஸ் தலைவர் மக்காரியோஸும் துருக்கிய சைப்ரஸ் தலைவர் டெங்டாஷும் நேரில் உட்கார்ந்து நான்கு வழிகாட்டு விதிகளுக்கு ஒப்புக்கொண்டது அவர் அங்கே இருந்த காலத்தில். அந்த நான்கு வரிகளில்தான் பிறகு வந்த எல்லாப் பேச்சும் தொடங்கியது. தீவு இன்றும் பிரிந்தே கிடக்கிறது, அது வேறு விஷயம்.

அவர் முறை அங்கேயே தெரிகிறது. இரு தரப்பும் இன்றைக்கு ஏற்காவிட்டாலும், நாளை களைத்துப்போய் வரும்போது கையெழுத்திடத் தயாராக ஒரு காகிதம் மேசையில் கிடக்க வேண்டும். 1988இல் பலித்தவற்றில் பாதிக்கும் மேல் 1982–87இல் எழுதிவைத்த காகிதங்கள்.

நாட்குறிப்பு | 11 ஜனவரி, பிற்பகல் 1.50

அவர் எப்படித் தேர்வானார் என்பதையும் சேர்க்கிறேன், இந்த ஆண்டு அது பேசப்படும். 1981இல் வால்ட்ஹைம் மூன்றாம் முறை கேட்டார். எதிரில் தான்சானிய வெளியுறவு அமைச்சர் சலீம் அகமது சலீம். வால்ட்ஹைமைச் சீனா 16 முறை வீட்டோ செய்தது. சலீமை அமெரிக்கா விடவில்லை. ஆறு வாரம் முட்டுக்கட்டை. டிசம்பரில் கவுன்சில் தலைவராக வந்த உகாண்டாவின் ஒலாரா ஒட்டுன்னு இருவரையும் ஒதுங்கச் சொன்னார். பிறகு, நிரந்தர உறுப்பினர்கள் ஐவரும் யார் யாரைத் தடுப்பார்கள் என்பதை முறைசாரா வாக்கெடுப்பில் முதலில் கண்டறிந்தார். ஐவரில் யாரும் தடுக்காத பெயராக மேலே வந்தது இது. 11 டிசம்பரில் கவுன்சில் பரிந்துரை, 15இல் பொதுச்சபை நியமனம். அதே ஆண்டு அவரைப் பிரேசிலுக்குத் தூதராக அனுப்ப பெருவின் செனட் ஒப்புதல் தரவில்லை. தந்திருந்தால் டிசம்பரில் அவர் பிரேசிலியாவில் இருந்திருப்பார்.

ஆதரவு கேட்டு அவர் எந்தத் தலைநகரத்துக்கும் போகவில்லை. யாருக்கும் வாக்குறுதி கொடுக்காமல் வந்தவருக்கு முதல் நாளிலிருந்தே கை கட்டப்படாமல் இருந்தது.

கடலோடி | 11 ஜனவரி, இரவு 10.05

முதல் ஐந்தாண்டில் எதுவும் தேறவில்லை என்பதற்கு ஃபாக்லாந்தைத்தான் எல்லாரும் காட்டுவார்கள். அங்கே என்ன நடந்தது என்று பார்ப்போம்.

பிரிட்டன் ஆண்ட ஃபாக்லாந்து தீவு தன்னுடையது என்று சொல்லிவந்த அர்ஜென்டினா 2 ஏப்ரல் 1982 அங்கே படையோடு இறங்கியது. அவர் பதவிக்கு வந்து மூன்று மாதம். மறுநாள் அர்ஜென்டினாவை விலகச் சொன்ன 502ஆம் தீர்மானம். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹெய்க் லண்டனுக்கும் பியூனஸ் அயர்ஸுக்கும் பறந்துகொண்டிருந்தவரை இவர் வெளியே வாய் திறக்கவில்லை. உள்ளே செயலகத்தில் ரஃபியுதீன் அகமது தலைமையில் ஒரு சிறு குழு வரைவு வேலையில் இறங்கிவிட்டது. ஒரே நேரத்தில் இரண்டு நடுவர் இருந்தால், ஒருவர் தரும் சலுகையைக் காட்டி இன்னொருவரிடம் இழுப்பார்கள். அதனால் காத்திருந்தார். ஹெய்க் கைவிட்டதும், மே 2இல் அர்ஜென்டினக் கப்பல் ஜெனரல் பெல்கிரானோ மூழ்கி 323 பேர் இறந்ததும், மே 4இல் பிரிட்டிஷ் கப்பல் ஷெஃபீல்ட் அடிபட்டதும், பேச்சு அவர் காகிதத்துக்கு வந்தது.

அதன் உறுப்புகள்: இரு படையும் படிப்படியாக விலகல், இடைக்காலத்துக்கு ஐ.நா. நிர்வாகம், பேச்சுவார்த்தைக்கு முடிவு தேதி, தீவு யாருக்கு என்ற கேள்வியை எந்த வரியும் முன்கூட்டித் தீர்க்காதபடி எழுதுவது. மே 17 பிரிட்டன் கொடுத்த கடைசி வரைவில் இவை பெரும்பாலும் இருந்தன: 14 நாளில் விலகல், 150 கடல்மைலுக்கு அப்பால் படை, ஐ.நா. நிர்வாகி, 31 டிசம்பர் 1982 கெடு.

முறிந்த இடங்கள் மூன்று. தென் ஜார்ஜியா, தென் சாண்ட்விச் தீவுகளையும் சேர்க்க வேண்டும் என்றது அர்ஜென்டினா, பிரிட்டன் மறுத்தது. இடைக்காலத்தில் அர்ஜென்டினர்கள் தீவில் வந்து குடியேறலாமா என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் உயிர்முடிச்சு: கெடு முடிந்தும் உடன்பாடு வராவிட்டால்? பொதுச்சபை தீர்மானிக்கட்டும் என்றது பியூனஸ் அயர்ஸ். அங்கே எண்ணிக்கை தனக்கு எதிராகப் போகும் என்று லண்டனுக்குத் தெரியும். மே 20 முயற்சி தோற்றதென்று கவுன்சிலுக்குச் சொன்னார். மே 21 ஃபாக்லாந்தின் சான் கார்லோஸில் பிரிட்டிஷ் படை இறங்கியது.

பெரு அரசு வெளிப்படையாக அர்ஜென்டினா பக்கம் நின்றது. அந்த நாட்டுக்காரர் நடுவில் உட்கார்ந்தும், சாய்ந்துவிட்டார் என்று பிரிட்டன் தரப்பு சொல்லவில்லை. முதல் ஆண்டிலேயே இந்த நம்பிக்கையைச் சேர்த்தார் என்பது சின்ன விஷயமில்லை.

மேசைவிளக்கு | 12 ஜனவரி, காலை 7.30

தோற்ற கதையைத்தானே சொல்கிறீர்கள்? காகிதம் நன்றாக இருந்தது, போர் நடந்தது. பனிப்போரோடு சம்பந்தமில்லாத சண்டையிலேயே முடியவில்லையென்றால் என் வாதம் இன்னும் பலப்படுகிறது.

நாட்குறிப்பு | 12 ஜனவரி, மாலை 6.20

ஒரு சண்டை பாதியில் நிற்க, அதில் இறங்கிய ஒருவராவது ‘இனித் தொடர்ந்தால் நஷ்டம்’ என்று உணர வேண்டும். மே 1982இல் இருவருமே அப்படி உணரவில்லை. இதை அவர் உடனே எழுதினார். செப்டம்பர் 1982இல் அவர் கொடுத்த முதல் ஆண்டறிக்கை, உலகம் புதியதொரு அராஜகத்தின் விளிம்புக்கு வந்துவிட்டது, பாதுகாப்பு கவுன்சில் தன் வேலையைச் செய்யவில்லை என்று நேரடியாகச் சொன்னது. ஆண்டறிக்கை என்றால் நிகழ்ந்தவற்றின் பட்டியல் என்றிருந்த வழக்கத்தை உடைத்தது அது.

அடுத்து ஈரான்–இராக். இதைத்தான் உங்கள் கருத்துக்கு எதிராக நான் முன்வைப்பேன்.

ஜனவரி 1987. போர் ஏழாவது ஆண்டில். ஐந்து நிரந்தர உறுப்பினர்களும் ஒன்றாக உட்கார்ந்து இந்தப் போரை மட்டும் பேசுங்கள் என்று பகிரங்கமாகக் கேட்டார். ஐவரும் அப்படித் தனியாகச் சேர்ந்து உட்காரும் வழக்கம் அதற்கு முன் கிட்டத்தட்ட இல்லை. தூதர்கள் சத்தமில்லாமல் சந்திக்கத் தொடங்கினார்கள். 20 ஜூலை 1987 ஒருமனதாக 598ஆம் தீர்மானம்.

அதில் செயல்படு பத்திகள் பத்து. முதல் பத்தி போர்நிறுத்தம், சர்வதேச எல்லைக்குப் பின்வாங்கல். இரண்டு, கண்காணிப்பாளர்கள். மூன்று, போர்க்கைதிகள். ஆறு, போருக்கு யார் பொறுப்பு என்று விசாரிக்க ஒரு நடுநிலைக் குழு. ஏழு, மறுகட்டுமானம். இராக் உடனே ஏற்றது, ஆனால் எழுதிய வரிசையிலேயே நடக்க வேண்டும் என்றது. ஈரான் ஏற்கவும் இல்லை, நிராகரிக்கவும் இல்லை. ஆறாம் பத்தி முதலில் வரட்டும், ஆரம்பித்தவன் யாரென்று சொல்லுங்கள், பிறகு துப்பாக்கியைக் கீழே வைக்கிறோம் என்றது.

செப்டம்பரில் டெஹ்ரானுக்கும் பாக்தாதுக்கும் நேரில் போனார். கொண்டுபோன திட்டத்தின் உள்ளடக்கம் எளிமையானது: ஒரு நாளைக் குறிப்போம், அந்த நாளில் போர் நிற்கும், அதே நாளில் விசாரணைக் குழுவும் வேலை தொடங்கும். ‘முன்னா பின்னா’ என்ற சண்டையை ஒரே தேதியில் கட்டிவிட்டார். அன்று யாரும் ஏற்கவில்லை. பத்து மாதம் கழித்து ஈரான் ஏற்றது. 8 ஆகஸ்ட் 1988 அறிவித்தபடி ஆகஸ்ட் 20 துப்பாக்கிகள் நின்றன. ஏறக்குறைய 350 கண்காணிப்பாளர்கள் அன்று எல்லையில் இருந்தார்கள். ஜூலையில் ஈரான் கடிதம் வந்த பிறகு எல்லாவற்றையும் எழுத உட்கார்ந்திருந்தால் இது ஆகஸ்டில் முடிந்திருக்குமா?

கிழக்குவாசல் | 12 ஜனவரி, இரவு 9.45

முடிந்திருக்காது. ஆனால் ஈரானை மேசைக்குக் கொண்டுவந்தது காகிதம் இல்லை. ஏப்ரல் 1988இல் ஃபாவ் தீபகற்பத்தை இராக் மீட்டது. ஜூலை 3 அமெரிக்கக் கப்பல் வின்சென்ஸ் ஈரானியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தி 290 பேர் இறந்தார்கள். நகரங்கள் மேல் ஏவுகணை. இவ்வளவும் சேர்ந்த பிறகே ஈரானின் உச்சத் தலைவர் கோமெய்னி ஒப்புக்கொண்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரசாயன ஆயுதம் பற்றி மார்ச் 1984இலேயே நிபுணர் குழுவை அனுப்பினார். கவுன்சில் கேட்டு அல்ல, சொந்தப் பொறுப்பில். குழு மாதிரிகள் எடுத்து, மஸ்டர்ட் வாயுவும் தபுன் என்ற நரம்பு நஞ்சும் பயன்பட்டதை உறுதிசெய்தது. 1986 அறிக்கையில் இராக் படை என்றே பெயர் வந்தது. அப்படியும் கவுன்சில் இராக்கைத் தண்டிக்கவில்லை, 1988 மார்ச்சில் குர்து ஊரான ஹலப்ஜாவில் ரசாயனப் படுகொலை நடந்தது. குழுவை அனுப்பியது அவர் துணிவு. அறிக்கை கையில் இருந்தும் தொண்டை கிழியக் கத்தாதது அவர் குறை. கவுன்சிலின் அரசியலுக்குள்ளேயே நின்று பேசப் பழகியவருக்கு அதை மீறி உலகத்தைப் பார்த்துப் பேச வரவில்லை.

நாட்குறிப்பு | 13 ஜனவரி, காலை 8.00

கடைசி வரியை ஏற்கிறேன். 598இன் அதே ஆறாம் பத்திக்கு அவர் கடைசி மாதத்தில் திரும்பினார் என்பதையும் சேருங்கள். 9 டிசம்பர் 1991 அவர் கொடுத்த அறிக்கை, 22 செப்டம்பர் 1980இல் இராக் தொடுத்த தாக்குதலுக்குச் சர்வதேசச் சட்டத்தில் நியாயம் கிடையாது என்று எழுதியது. ஈரான் 1987இலிருந்து கேட்டுவந்த வரி.

கிழக்குவாசல் | 13 ஜனவரி, காலை 8.35

அந்த வரியின் தேதியைப் பாருங்கள். லெபனானில் ஈரான் ஆதரவுக் குழுக்கள் பிடித்துவைத்திருந்த மேற்கத்தியப் பணயக்கைதிகளை விடுவிக்க அவர் உதவியாளர் ஜியான்டொமெனிகோ பிக்கோ பெய்ரூத்தில் கண் கட்டப்பட்டு காரில் ஏற்றப்பட்டுப் போய் வந்துகொண்டிருந்த காலம் அது. ஆகஸ்ட் 8 பணயக்கைதி ஜான் மெக்கார்த்தி விடுதலை, கடத்தியவர்கள் பொதுச்செயலாளருக்கு எழுதிய கடிதம் மெக்கார்த்தி கையில். நவம்பர் 18 டெரி வெய்ட். டிசம்பர் 4 டெரி ஆண்டர்சன். டிசம்பர் 9 அறிக்கை. இரண்டும் ஒரே வாரத்தில் வந்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை. அறிக்கையில் இருப்பது உண்மை என்பதால் எனக்கு அதில் குறையும் தெரியவில்லை.

கடலோடி | 13 ஜனவரி, மாலை 5.10

ரெயின்போ வாரியர் கப்பல் விவகாரத்தை யாரும் எடுக்கவில்லை. பனிப்போர் இன்னும் உறுதியாக இருந்த 1986இல் அவர் முடித்த காரியம்.

10 ஜூலை 1985 ஆக்லாந்து துறைமுகத்தில் கிரீன்பீஸ் சுற்றுச்சூழல் அமைப்பின் அந்தக் கப்பலைப் பிரெஞ்சு உளவுத்துறை குண்டு வைத்து மூழ்கடித்தது, ஒரு புகைப்படக்காரர் இறந்தார். இரு உளவாளிகள் பிடிபட்டு நியூசிலாந்தில் பத்தாண்டு தண்டனை. பிரான்ஸ் அவர்களைத் திரும்பக் கேட்டது. ஐரோப்பியச் சந்தையில் நியூசிலாந்து வெண்ணெய்க்கு முட்டுக்கட்டை வரும் நிலை. இரு நாடும் பொதுச்செயலாளரிடம் ஒப்படைத்து, சொல்வது கட்டுப்படுத்தும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டன.

நியூசிலாந்து கேட்டது குறைந்தது 90 லட்சம் டாலர். பிரான்ஸ் தரத் தயாராக இருந்தது 40 லட்சம். 6 ஜூலை 1986 தீர்ப்பு: 70 லட்சம், நிபந்தனையற்ற மன்னிப்பு, உளவாளிகள் இருவரும் பசிபிக்கில் ஹாவோ பவளத்தீவின் ராணுவத் தளத்தில் மூன்றாண்டு, இரு அரசும் ஒப்பாமல் அங்கிருந்து நகரக் கூடாது, வெண்ணெய் இறக்குமதியைப் பிரான்ஸ் எதிர்க்கக் கூடாது. சில பக்கத் தீர்ப்புதான். அதில் நான் மிகவும் மதிப்பது கடைசியில் இருக்கும் வரி: இதை நடைமுறைப்படுத்துவதில் தகராறு வந்தால் மூவர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம், அந்த முடிவும் கட்டுப்படுத்தும். பிரான்ஸ் ஒருவரை 1987 டிசம்பரிலும் மற்றவரை 1988 மேயிலும் ஊருக்குக் கொண்டுபோய்விட்டது. நியூசிலாந்து அந்த வரியைப் பிடித்து நடுவர் மன்றம் போனது. 1990 ஏப்ரலில் பிரான்ஸ் கடமை தவறியது என்று தீர்ப்பு வந்தது. ஏமாற்று நடக்கும் என்று எதிர்பார்த்து அதற்கும் வழி எழுதிவைத்தவர் வெறும் சமரசக்காரர் இல்லை.

நாட்குறிப்பு | 14 ஜனவரி, காலை 6.50

நமீபியாவில் என்ன கெட்டது என்பதையும் பார்க்க வேண்டும், அங்கே கெட்டதுக்குக் காரணம் பணம்.

தென்னாப்பிரிக்காவின் பிடியில் இருந்த நமீபியாவுக்குத் தேர்தல் வழியாக விடுதலை கேட்ட 435ஆம் தீர்மானம் 1978இலிருந்து தூங்கியது. டிசம்பர் 1988இல் தென்னாப்பிரிக்கா, கியூபா, அங்கோலா ஒப்பந்தம் வந்ததும் 1 ஏப்ரல் 1989 தொடக்க நாள். திட்டத்தில் 7,500 படைவீரர்கள். செலவு அதிகம் என்று நிரந்தர ஐவர் குறைக்கச் சொன்னார்கள், அணிசேரா நாடுகள் குறைக்கக் கூடாது என்றன. 7,500 உச்சவரம்பு, முதலில் இறங்குவது 4,650 என்று சமரசம். இந்த இழுபறியில் வரவுசெலவு மார்ச் 1 வரை நிறைவேறவில்லை. விளைவு, ஏப்ரல் 1 அன்று களத்தில் படை கிட்டத்தட்ட இல்லை. அன்று அதிகாலை நமீபிய விடுதலை இயக்கமான ஸ்வாபோவின் போராளிகள் அங்கோலாவிலிருந்து நமீபியாவின் வடபகுதிக்குள் நுழைந்தார்கள். சிறப்புப் பிரதிநிதி மார்ட்டி அஹ்திசாரியின் பரிந்துரையில், தென்னாப்பிரிக்கப் படை முகாமிலிருந்து வெளிவரப் பொதுச்செயலாளர் அனுமதித்தார். சில நாட்களில் முந்நூறுக்கும் மேற்பட்ட ஸ்வாபோ போராளிகள் கொல்லப்பட்டார்கள். திட்டம் முதல் வாரத்திலேயே சாகாமல், போராளிகள் அங்கோலாவுக்குத் திரும்ப வழிசெய்த ஏப்ரல் 9 மவுண்ட் எட்ஜோ அறிவிப்பு காப்பாற்றியது.

அந்த அனுமதி சரியா என்பதில் நான் இருமனம். மறுத்திருந்தால் தென்னாப்பிரிக்க அரசு ஒப்பந்தத்தையே கிழித்திருக்கும். கொடுத்ததால் இத்தனை உயிர் போனது. இரண்டுக்கும் நடுவே நிற்க அவரிடம் படை இல்லை. ஒரு மாதம் முன்பே பணம் வந்திருந்தால் இருந்திருக்கும்.

படைத் தளபதி இந்தியாவின் லெப்டினன்ட் ஜெனரல் திவான் பிரேம் சந்த். சைப்ரஸில் பெரெஸ் டி குவேயர் பிரதிநிதியாக இருந்தபோது அங்கே ஐ.நா. படைக்குத் தளபதியும் இவரே. பழகிய ஆட்களை அவர் விடுவதில்லை. நவம்பரில் தேர்தல், 97 சதவீதத்துக்கு மேல் வாக்குப்பதிவு. 21 மார்ச் 1990 விண்ட்ஹோக்கில் முதல் அதிபர் சாம் நுஜோமாவுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர் பொதுச்செயலாளரே.

மேசைவிளக்கு | 14 ஜனவரி, காலை 11.20

நமீபியாவும் ரெயின்போ வாரியரும் என் கருத்தை ஆட்டுகின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேற்கு சஹாராவில் அதே முறைதானே? திட்டம் எழுதினார், இரு தரப்பும் ஏற்றது. பிறகு?

கிழக்குவாசல் | 14 ஜனவரி, இரவு 8.15

பிறகு அவரே அதை வளைத்தார். இங்கே தாட்சண்யம் காட்ட மாட்டேன்.

ஆகஸ்ட் 1988இல் மொராக்கோவும், மேற்கு சஹாராவின் விடுதலைக்குப் போராடிய பொலிசாரியோவும் கொள்கையளவில் ஏற்றன. ஏப்ரல் 1991இல் 690ஆம் தீர்மானம், விடுதலையா, மொராக்கோவோடு இணைவதா என்று வாக்கெடுப்பு நடத்த மினுர்சோ என்ற ஐ.நா. குழு. செப்டம்பர் 6 போர்நிறுத்தம். வாக்காளர் பட்டியலுக்கு அடிப்படை, முன்பு அங்கே ஆண்ட ஸ்பெயின் 1974இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கு, ஏறக்குறைய 74,000 பேர். மொராக்கோ மேலும் 1,20,000 பெயர்களைக் கொண்டுவந்து வைத்தது. டிசம்பர் 1991, பதவி முடிய இரண்டு வாரமே இருக்க, பெரெஸ் டி குவேயர் கொடுத்த அறிக்கை தகுதி விதிகளைத் தளர்த்தியது. தந்தை அங்கே பிறந்திருந்தால் போதும், இத்தனை ஆண்டு அங்கே வசித்திருந்தால் போதும் என்று. சிறப்புப் பிரதிநிதி ஜொஹானஸ் மான்ஸ் அதே மாதம் விலகினார். யார் வாக்காளர் என்பது முடிவாகாமல் வாக்கெடுப்பு இன்றுவரை நடக்கவில்லை. மினுர்சோ இன்னும் அங்கேதான்.

கோளாறு கடைசி அறிக்கையில் மட்டும் இல்லை. 1988இல் இரு தரப்புக்கும் காட்டிய திட்டத்தில் வாக்காளர் யார் என்ற வரி தெளிவாக இல்லை. இருவரும் தங்களுக்குப் பிடித்த பொருளில் படித்துக்கொண்டு தலையசைத்தார்கள். ஃபாக்லாந்தில் எந்த வரி முடிச்சு என்று தெரிந்திருந்தது. இங்கே முடிச்சைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். மேசையில் காகிதம் வைக்கும் முறை நல்ல முறைதான், முக்கியமான வரி காலியாக இல்லாதவரை.

கடலோடி | 15 ஜனவரி, காலை 7.05

அதே இரண்டு வாரத்தில், அரசுக்கும் கெரில்லாக்களுக்கும் போர் நடந்த எல் சால்வடோர். ஒரே மேசையில் இரண்டு கோப்பு, ஒன்று கெட்டது, ஒன்று தேறியது. ஏன் என்று பார்த்தால் வரிசை வித்தியாசம் தெரியும்.

ஏப்ரல் 1990 ஜெனிவாவில் தொடக்கம், மேயில் கராகஸில் நிகழ்ச்சிநிரல். ஜூலையில் சான் ஹோசேயில் மனித உரிமை உடன்படிக்கை. போர் நிற்கும் முன்பே மனித உரிமைக் கண்காணிப்பு. ஓராண்டு கழித்து, ஜூலை 1991இல், ஐ.நா.வின் ஓனுசல் கண்காணிப்புக் குழு இறங்கியபோதும் சண்டை நடந்துகொண்டுதான் இருந்தது. ஏப்ரல் 1991 மெக்சிகோவில் அரசியல் சட்டத் திருத்தங்கள். செப்டம்பரில் நியூயார்க்கில் ராணுவத்தைக் குறைப்பது, களையெடுப்பது, புதுக் காவல்துறையில் பழைய போராளிகளுக்கு இடம். கடினமான வரிகளெல்லாம் முன்னாலேயே எழுதியாகிவிட்டது. கடைசிக்கு மிஞ்சியவை தேதிகளும் எண்ணிக்கையும். பேச்சை நடத்தியவர் அவர் நாட்டவரான ஆல்வரோ டி சோட்டோ.

31 டிசம்பர் 1991 நள்ளிரவோடு பதவி முடிகிறது. அதிபர் கிறிஸ்டியானி நியூயார்க் வந்து உட்கார்ந்தார். புதியவர் வந்தால் எல்லாம் முதலிலிருந்து என்ற பயம் இரு பக்கமும். நள்ளிரவை ஒட்டிக் கையெழுத்து. முறையான உடன்படிக்கை 16 ஜனவரி 1992 மெக்சிகோவின் சபுல்டெபெக்கில். தன் பதவி முடிவதையே கெடுவாகப் பயன்படுத்தினார்.

மேசைவிளக்கு | 15 ஜனவரி, மாலை 4.40

இவ்வளவு செய்தவர் 1995இல் சொந்த நாட்டின் அதிபர் தேர்தலில், பதவியில் இருந்த ஃபுஜிமோரி வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு வாக்கோடு தோற்றது ஏன்?

நாட்குறிப்பு | 15 ஜனவரி, இரவு 9.30

ஃபுஜிமோரி 64 சதவீதம், இவர் 22க்குச் சற்றுக் குறைவு. 9 ஏப்ரல் 1995. செல்லுபடியான வாக்கில் பாதி கிடைத்தால் முதல் சுற்றிலேயே முடியும், முடிந்தது.

1990இல் பெருவில் விலைவாசி ஆண்டுக்கு 7,000 சதவீதத்துக்கு மேல் ஏறியது. மாவோயிசக் கெரில்லா அமைப்பான ஷைனிங் பாத்தின் தலைவர் குஸ்மான் செப்டம்பர் 1992இல் பிடிபட்டார். அதே ஆண்டு ஏப்ரல் 5 ஃபுஜிமோரி ராணுவத்தை வைத்து நாடாளுமன்றத்தைக் கலைத்தார். விலை இறங்கியதும் குண்டுவெடிப்பு குறைந்ததும் வாக்காளர் கண்ணுக்குத் தெரிந்தவை. நாடாளுமன்றம் கலைந்தது அந்த அளவுக்கு வலிக்கவில்லை. பெரெஸ் டி குவேயர் ‘பெருவுக்கான ஒன்றியம்’ கட்சியைத் தொடங்கி, அதிகாரத்தைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், நீதிமன்றம் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்று பேசினார். வயது 75. மலை மாவட்டங்களில் கட்சிக்கு வேர் இல்லை. நடுவில் ஜனவரியில் எக்வடோரோடு செனெப்பா போர் வந்தது. போர்க்காலத்தில் ஆட்சியில் இருப்பவரைத்தான் காமிரா காட்டும்.

எதிரியும் நேர்மையாக ஆடவில்லை. தேர்தல் நேரத்தில் பெரெஸ் டி குவேயரின் தொலைபேசியை உளவுத்துறை ஒட்டுக்கேட்டது 1997இல் தொலைக்காட்சியில் அம்பலமானது. அதை ஒளிபரப்பிய அலைவரிசையின் உரிமையாளரது குடியுரிமையை அரசு பறித்தது. ஆனால் 42 புள்ளி இடைவெளியை ஒட்டுக்கேட்பு விளக்காது. நாடாளுமன்றத்தின் 120 இடங்களில் அவர் கட்சிக்கு 17 கிடைத்தது, எதிர்க்கட்சிகளில் அதுவே பெரியது. அதிபர் தேர்தலில் பழைய பெருங்கட்சிகள் ஐந்து சதவீதம்கூடத் தாண்டவில்லை.

கிழக்குவாசல் | 16 ஜனவரி, காலை 6.30

தேர்தலோடு நிறுத்தினால் பாதிக் கதை. அவர் பெருவுக்குச் செய்தது 2000இல்தான்.

நவம்பர் 2000இல் ஃபுஜிமோரி டோக்கியோவிலிருந்து ராஜினாமாவைத் தொலைநகலில் அனுப்பினார். நாடாளுமன்றம் அதை ஏற்காமல் 21ஆம் தேதி பதவி நீக்கியது. துணை அதிபர்கள் இருவரும் விலகியதால் நாடாளுமன்றத் தலைவர் வாலன்டின் பனியாகுவா அதிபரானார். 25ஆம் தேதி பெரெஸ் டி குவேயர் பிரதமரும் வெளியுறவு அமைச்சரும். வயது 80, பாரிஸிலிருந்து வந்தார். நம் ஊர்ப் பிரதமர் மாதிரி நினைக்க வேண்டாம். அங்கே ஆட்சித் தலைவர் அதிபர்தான், பிரதமர் அமைச்சரவையை ஒருங்கிணைத்து நாடாளுமன்ற நம்பிக்கையைப் பெறுபவர்.

எட்டு மாதம்தான் கெடு. முதலில் செய்தது வெளியுறவு வேலை. ஃபுஜிமோரி 1999 ஜூலையில் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்ற அதிகாரத்திலிருந்து பெருவை விலக்கியிருந்தார். ஜனவரி 2001இல் அது திரும்பியது. பிப்ரவரியில், பார்ரியோஸ் அல்தோஸ் வழக்கில், 1991 நவம்பரில் 15 பேர் சுட்டுக்கொல்லப்பட்டதற்கு அரசு பொறுப்பை ஒப்புக்கொண்டது. மார்ச் 14 நீதிமன்றம் ஃபுஜிமோரியின் பொதுமன்னிப்புச் சட்டங்கள் செல்லாது என்றது. 2009இல் ஃபுஜிமோரிக்கு 25 ஆண்டு சிறை வந்த வழக்கில் இதே கொலைகள் உண்டு. அந்தப் பொதுமன்னிப்பு அப்படியே நின்றிருந்தால் கொலைக் குழுவின் மேல் வழக்கு நகர்ந்திருக்காது.

ஜூனில் உண்மை அறியும் ஆணையம் அமைக்க ஆணை. 2003இல் அது கொடுத்த அறிக்கை, உள்நாட்டு வன்முறையில் இறந்தோரும் காணாமல்போனோரும் சுமார் 69,000 என்று மதிப்பிட்டது. ஏப்ரலிலும் ஜூனிலும் தேர்தல், ஜூலை 28 வென்ற டொலேடோவிடம் ஆட்சி.

கடலோடி | 16 ஜனவரி, காலை 10.10

அமெரிக்க நாடுகளின் ஜனநாயக சாசனத்தையும் அவர் கணக்கில் சேர்க்கலாமே? லிமாவில் கையெழுத்தானது.

நாட்குறிப்பு | 16 ஜனவரி, பிற்பகல் 12.45

பாதி சேர்க்கலாம். யோசனையையும் முதல் வரைவையும் முன்வைத்தது பனியாகுவா அரசு, அப்போது வெளியுறவு அமைச்சர் இவர். சாசனம் நிறைவேறியது 11 செப்டம்பர் 2001. அன்று அதிபர் டொலேடோ, வெளியுறவு அமைச்சர் டியேகோ கார்சியா-சயான், முந்தைய அமைச்சரவையில் இவருக்குக் கீழே நீதி அமைச்சராக இருந்தவர். ஓர் அரசு தேர்தலில் வந்துவிட்டு உள்ளிருந்தே ஜனநாயகத்தைக் கெடுத்தால் மற்ற நாடுகள் என்ன செய்யலாம் என்பதற்குப் படிப்படியாக விதி அதில் இருக்கிறது: 17 முதல் 22 வரையிலான பிரிவுகள். 1992இல் லிமாவில் அப்படி ஒன்று இல்லாத குறையைப் பார்த்தவர்கள் எழுதியது.

பெரெஸ் டி குவேயர் அதற்குள் பாரிஸுக்குத் தூதராகப் போய்விட்டார், 2004 வரை. 4 மார்ச் 2020 லிமாவில் இறந்தார், நூறு வயது நிரம்பி ஆறு வாரம். பெருவின் தூதரகப் பயிற்சிக் கழகம் இப்போது அவர் பெயரில் இருக்கிறது.

மேசைவிளக்கு | 16 ஜனவரி, இரவு 11.00

என் முதல் கேள்வியில் ஒரு பகுதி நிற்கிறது, ஒரு பகுதி போய்விட்டது. கோர்பச்சேவ் இல்லாமல் ஆப்கானிஸ்தான் முடிந்திருக்காது என்பதில் மாற்றமில்லை. ஆனால் பொதுச்செயலாளரின் பிரதிநிதி டியேகோ கோர்டோவெஸ் ஜெனிவாவில் பாகிஸ்தானையும் காபூலையும் தனித்தனி அறையில் உட்காரவைத்து நடையாய் நடக்கத் தொடங்கியது ஜூன் 1982. கோர்பச்சேவ் வந்தது மார்ச் 1985. 14 ஏப்ரல் 1988இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின் எலும்புக்கூடு அதற்கு முன்பே இருந்தது, படை விலகும் கால அட்டவணை ஒன்றைத் தவிர. அந்த ஒரு வரியைத்தான் மாஸ்கோ நிரப்பியது. அடுத்து வருபவர் யாராக இருந்தாலும், எந்தெந்தக் கோப்பில் எந்த வரி காலியாக இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா என்றுதான் இனிப் பார்ப்பேன்.

கிழக்குவாசல் | 17 ஜனவரி, காலை 7.20

மேற்கு சஹாரா கோப்பிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.